மடையைத் தொட்ட தண்ணீர்

பதினேழாம் எண் கிணற்றிலிருந்து வந்த எண்கள் அழகாக இருந்தன. நர்கீஸுக்கு முதலில் சந்தேகம் வந்ததே அதனால்தான். மற்ற கிணறுகளின் எண்கள் சந்தைக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஒருவர் பங்கைத் தாண்டி எடுத்திருப்பார், ஒருத்தி பாதியில் நிறுத்தியிருப்பாள், ஒரு நாள் முழுக்க நீர் அளக்கும் பெட்டியே பேசாமல் கிடந்திருக்கும். பதினேழில் மட்டும் ஆறு பங்குக்காரர்களும் மூன்று வாரமாகத் தங்கள் பங்கைத் துளி பிசகாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணினித் திரையில் அந்த ஆறு கோடுகளும் அவள் போயேயிராத ஏதோ ஒரு குளிர்நாட்டின் ஆறுகளைப் போல அமைதியாக ஓடின.

"அற்புதம்மா," என்றார் பாஸ்கல் சார் தொலைபேசியில். சென்னையிலிருக்கும் பொருளாதாரப் பேராசிரியர். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி. "அளக்கிற கருவி வந்ததும் சண்டை நின்னுபோச்சு பாத்தியா? இதைத்தான் முப்பது வருஷமா எழுதிட்டிருக்கேன். பதினேழை முதல் அத்தியாயத்துல வை."

அவர் போனை வைத்த அரை மணி நேரத்தில், பதினேழின் பங்குக்காரர்களில் ஒருவனான விக்னேஷ்குமாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது. நான்கு நிமிடம் ஓடியது. முதல் மூன்று நிமிடமும் பின்னணியில் யாரோ யாரையோ திட்டும் சத்தம். கடைசியில் விக்னேஷின் குரல்: "அக்கா, கேட்டீங்கல்ல? இது இன்னைக்குக் காலையில. நேத்து இதைவிட ஜோரு. நீங்க வந்து உங்க பொட்டிய என்னன்னு பாருங்க. இல்லைன்னா நாங்க பாத்துருவோம்."

நர்கீஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய ஆய்வு எளிமையானது என்று அவளே நம்பிய காலம் ஒன்று உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் கூட்டுக் கிணறுகள் நிறைய. ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு வாய்க்கால், ஐந்தாறு குடும்பங்கள். எட்டு நாளை ஒரு சுற்றாக வைத்து ஆளுக்கு ஒரு நாள், ஒன்றரை நாள், அரை நாள் என்று முறை பிரித்திருப்பார்கள். ஆனால் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது வந்தால் வரும். ஒருவர் நாளில் ஏழு மணி நேரம் இருக்கும், அடுத்தவர் நாளில் மூன்று மணி நேரம். அதில்தான் சண்டை. நர்கீஸ் யோசித்தாள்: நேரத்தை ஏன் பங்கு போட வேண்டும், தண்ணீரையே பங்கு போட்டால் என்ன? மோட்டாரின் குழாய் வாயில் ஒரு பெட்டி. முறைக்காரர் பெட்டியிலோ தன் கைப்பேசியிலோ பச்சைப் பொத்தானை அமுக்கினால் லிட்டர் எண்ணத் தொடங்கும். பங்கு முடிந்ததும் அவர் கைப்பேசிக்கு அழைப்பு போகும்: "உங்கள் பங்கு முடிந்தது. நன்றி." செலவைக் குறைக்க அதை அவளே தன் குரலில் பதிவு செய்திருந்தாள். அப்படி நாற்பது கிணறுகளில் நாற்பது பெட்டிகள். நல்ல கருவி கிடைத்தால் மனிதர்கள் நல்ல விதிக்குப் பழகுவார்கள், விளைச்சல் கூடும், வீடு செழிக்கும் என்பது ஆய்வின் முதல் பக்கத்தில் அவள் தட்டச்சு செய்த வாக்கியம்.

மறுநாள் மதியம் ஸ்கூட்டரை எடுத்தபோது, பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் அவளுடைய அப்பா வாசலில் நின்று கேட்டார், "எங்கம்மா, தண்ணி எண்ணவா?"

"ஆமா அத்தா."

"வெயில்ல கருகாதே. நீ எண்ணாட்டியும் அது இறங்கத்தான் போகுது."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பதில் சொல்லத் தொடங்கினால் நாற்பது நிமிடம் ஆகும்.

பதினேழாம் கிணறு இருக்கும் செங்காட்டுப்பட்டிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ரூம் முன்னால் நான்கு பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றில் பெரிய பங்கு சுருளிவேலுடையது, இரண்டரை நாள். அவர் தோட்டம்தான் வாய்க்காலின் தலைமாட்டில், கிணற்றிலிருந்து நூறடியில் இருக்கிறது. வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"வா தாயி. உன் குரலைத் தினமும் கேக்குறோம், முகத்தைப் பாத்துதான் நாளாச்சு."

"என்ன பிரச்சினை அண்ணே? எல்லாரும் பங்குப்படிதானே எடுக்குறீங்க?"

"அதான் பிரச்சினை," என்றான் விக்னேஷ்குமார். பொறியியல் படித்துவிட்டு, நாலாவது தோட்டத்தில் கத்தரிக்காய் போட்டிருப்பவன். அந்தக் கிணற்றின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அவன்தான் தலைவன். "பெரியப்பா, சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

"இதுல சொல்ல என்னடா இருக்கு?" சுருளிவேல் மறுபடி உட்கார்ந்தார். "முன்னாடி என் முறை முடிஞ்சு மோட்டார் நின்னா, வாய்க்காலை அடைச்சிருக்கிற என் மடையை ஒரு மிதி மிதிச்சு உடைச்சுவிடுவேன். வாய்க்கால்ல நிக்கிற தண்ணி அதுபாட்டுக்குக் கீழ ஓடிரும். எல்லாரும் அப்படித்தான். யாரும் கணக்குப் பாக்குறதில்லை."

"இப்ப?"

"இப்ப உன் பொட்டி, குழாயை விட்டு வெளிய வந்த ஒவ்வொரு லிட்டரையும் என் பேர்ல எழுதுது. அப்ப வாய்க்கால்ல நிக்கிறதும் என் லிட்டருதானே? நான் ஏன் மடையை உடைக்கணும்? நின்னு, வழிச்சு, என் தோட்டத்துக்குத் திருப்பிக்கிறேன். தப்பா? சொல்லு தாயி. நீ படிச்ச பிள்ளை."

தப்பில்லை. நர்கீஸின் விதிப்படி அவர் சொன்னதில் ஒரு புள்ளி கூடத் தப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒருத்தர் செஞ்சதைப் பாத்து எல்லாரும் செஞ்சிட்டோம்," என்றான் விக்னேஷ். "நானும்தான். பொய் சொல்லக் கூடாதுல்ல. ஆனா கடைசியில இருக்கிறது பழனியம்மா சித்தி தோட்டம். அவங்க பங்கு அரை நாளுதான். அரை ஏக்கரா சின்ன வெங்காயம் இம்புட்டு வருசமா நின்னதே எங்க அஞ்சு பேரு மடையிலேர்ந்து ஓடுற மிச்சத் தண்ணியிலதான். அது யாருக்கும் தெரியாது அக்கா. சித்திக்கே தெரியாது. மூணு வாரமாத்தான் தெரியுது."

"வெங்காயம் எப்படி இருக்கு?"

"வெட்ட இன்னும் இருபது நாளு. நீங்களே போய்ப் பாருங்க."

அவள் வாய்க்கால் ஓரமாக நடந்தாள். அறுநூறு மீட்டர். மண் வாய்க்கால், சில இடங்களில் ஆள் அகலம், சில இடங்களில் ஒரு சாண். எலி வளைகள், கோரைப் புல், ஓரத்தில் வெடித்த மண். திட்டம் தீட்டும்போது அவள் இந்த வாய்க்காலில் நடந்ததில்லை. நாற்பது கிணறுகளில் ஒன்றில்கூட அவள் வாய்க்காலின் கடைசி வரை நடந்ததில்லை என்பது நடக்கும்போதுதான் உறைத்தது. கிணறு, மோட்டார், குழாய் வாய், புகைப்படம், கையெழுத்து, அடுத்த கிணறு. வழி நெடுக அவள் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

பழனியம்மாளின் வெங்காயத் தாள்களின் நுனி கருகி, தீக்குச்சி முனைகள் மாதிரி நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். காய் சுண்டைக்காய் அளவுக்குத்தான் திரண்டிருந்தது. மண் பொடியாக உதிர்ந்தது. தோட்டத்தில் ஆள் இல்லை. பழனியம்மாள் நூல் மில்லில் வேலை செய்கிறவள். காலை ஷிப்டு முடிந்து மில் பஸ் அவளை இறக்கிவிட மூன்று மணிக்கு மேலாகும். கணவர் திருப்பூரில். அந்த அரை ஏக்கர் அவள் ஒருத்தியின் பாடு.

வரப்பில் நின்று பாஸ்கல் சாரைக் கூப்பிட முயன்றாள். சிக்னல் இல்லை. பாதித் தூரம் திரும்பி நடந்து, ஒரு பாறை மேல் ஏறிக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

"அபாரம்!" என்றார் அவர். "எழுதப்படாத வழக்கம் ஒண்ணு இருந்திருக்கு, அளவு உள்ள வந்ததும் அது செத்துப்போச்சு. நர்கீஸ், இது முதல் முடிவைவிடப் பெரிசு!"

"சார், இங்க வெங்காயம் சாகுது."

"புரியுதும்மா. ஆனா நாம தலையிடக் கூடாது. அறுவடை முடியற வரைக்கும் அந்தப் பெட்டியில கை வைக்காதே. வச்சா பதினேழு ஆய்விலேர்ந்து போயிடும். முடிஞ்சதும் அந்தம்மாவுக்கு நஷ்ட ஈடு மாதிரி ஏதாவது எழுதிக் கேட்டுப் பாக்கலாம்."

"கேட்டா எப்ப வரும் சார்?"

"அடுத்த நிதியாண்டுல."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, சிக்னல் போய்விட்டது என்று அவரே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்பேனர் இருந்தது. போய் எடுத்தாள். பெட்டியைக் கழற்றிவிட்டால் எண்ணிக்கை போய்விடும், எண்ணிக்கை போனால் சுருளிவேல் மடையை மிதிப்பார், மிச்சத் தண்ணீர் ஓடும், வெங்காயம் பிழைக்கும். ஆய்வில் ஒரு கிணறு குறையும். குறையட்டும்.

மோட்டார் ரூமுக்குள் புகுந்து இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டாள். மூன்றாவதில் ஸ்பேனரை மாட்டியபோது பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஏ பாப்பா, என்ன பண்ற?"

பழனியம்மாள். மில் சீருடையின் நீல மேல்சட்டை, தலைமுடியில் வெள்ளைப் பஞ்சுத் துகள்கள், தோளில் சாப்பாட்டுப் பை. மில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"அக்கா, கழட்டிடுறேன். தப்பு என்னோடதுதான். இனிமே பழையபடி..."

"யாரு உன்னைக் கழட்டச் சொன்னா?"

"உங்க வெங்காயம்..."

"என் வெங்காயம் என் கவலை. போட்ட இடத்துல போல்ட்டைப் போடு."

நர்கீஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமா களைப்பா என்று தெரியவில்லை. "இந்தப் பெட்டியாலதானேக்கா உங்களுக்குத் தண்ணி வராம போச்சு!"

"ஆமா. இந்தப் பொட்டியாலதான் எனக்கு இம்புட்டு நாளா எவ்வளவு வரலைன்னும் தெரிஞ்சுச்சு." பழனியம்மாள் பையைத் திறந்து ஒரு காகிதக் கூம்பை எடுத்தாள். மில்லில் நூல் சுற்றும் கோன். அதன் மேல் பேனாவால் எண்கள் கிறுக்கியிருந்தன. "போன முறையில லீவு போட்டு உக்காந்தேன். எங்க வீட்டு இருநூறு லிட்டரு நீல டிரம்மு. இங்க குழாய் வாயில வச்சா இருபது செகண்டுல ரொம்புது. என் மடையில குழி தோண்டி இறக்கி, பைப்புத் துண்டு வச்சு விட்டா முப்பத்தி நாலு செகண்டு. மூணு தடவை பாத்தேன். அதுவும் தண்ணி என் மடைக்கு வந்து சேரவே முக்கா மணி நேரம். அந்த முக்கா மணியும் உன் பொட்டி என் பேர்ல எண்ணிட்டிருக்கு."

நர்கீஸ் கூம்பை வாங்கிப் பார்த்தாள். மூன்று தடவையும் எண்கள் ஒரே மாதிரி இருந்தன. அவளுடைய ஆய்வுக்குழு ஓர் ஆண்டில் எடுக்காத ஓர் அளவு அதில் இருந்தது.

"மில்லுல என்ன பண்ணுவாங்க தெரியுமா? கழிவுப் பஞ்சைத் தனியா எடை போட்டுக் கழிச்சிட்டுத்தான் என் கணக்குல கோனை எழுதுவாங்க. கழிவு மெஷினோடது, என்னோடது இல்லை. இங்க வாய்க்கா குடிக்கிற தண்ணியை யாரு கழிக்கிறா? நீ வந்து கழட்டிட்டுப் போனா, நான் மறுபடி சுருளி மாமா மிதிச்சுவிடுறதுக்காகக் காத்திருக்கணும். மனசு நல்லா இருந்தா மிதிப்பாரு. இல்லைன்னா மறந்துருவாரு."

வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த சுருளிவேலுக்கு இது கேட்டுவிட்டது. "ஏத்தா, நான் என்னைக்கு மறந்தேன்?"

"உங்க மகன் கல்யாணத்தப்ப பதினோரு நாளு மறந்தீக மாமா. நான் எண்ணினேன்."

விக்னேஷ் சிரித்தான். சுருளிவேல் அவனை முறைத்தார். "இளிக்காதடா. டிரம்மு, செகண்டுன்னு சொன்னா ஆச்சா? யாரு பாத்தா?"

"இப்பப் பாப்போம்," என்றாள் பழனியம்மாள். "கரண்டு இப்பத்தான் வந்திருக்கு. டிரம்மு இருக்கு. எல்லாரும் இருக்கீக."

உடனே சுருளிவேல் கேட்டார்: "அது சரி. இந்த டெஸ்ட்டுத் தண்ணி யாரு கணக்கு?"

நர்கீஸ் கத்தினாள்: "என் கணக்கு! என் கணக்குல எழுதிக்குங்க!"

"உனக்கு இங்க பங்கு ஏது தாயி?" என்றார் அவர், உண்மையான அக்கறையோடு.

கடைசியில் அன்றைய முறைக்காரனான விக்னேஷ் தன் கணக்கில் விட்டான். நாலு மணிக்கு மோட்டார் ஓடியது. மூன்று பேர் மூன்று கைப்பேசிகளில் நேரம் பார்த்தார்கள். குழாய் வாயில் இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது என்று மூன்று பதில்கள் வந்தன. அதில் கால் மணி நேரம் போனது. பிறகு சுருளிவேல், தன் மடையிலும் பார்க்க வேண்டும் என்றார். டிரம்மைத் தூக்கிக்கொண்டு நூறடி போய்க் குழி தோண்டினார்கள். இருபத்தொன்று என்றான் விக்னேஷ். இருபத்திரண்டு என்றார் சுருளிவேல். "என் போன்ல இருபத்தி ரெண்டு. உன் போன் சைனாது."

"உங்க போனும் சைனாதான் பெரியப்பா."

"இருபத்தி ரெண்டு," என்றார் அவர் மறுபடியும். முதல்முறையாக அவர் முகத்தில் ஆர்வம் தெரிந்தது. "அப்ப எனக்கும் ரெண்டு செகண்டு கழிவு இருக்கு. அதை எனக்கு யாரு குடுப்பா?"

பழனியம்மாளின் மடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்து, டிரம் நிரம்பியபோது ஐந்தரை மணி ஆகிவிட்டது. முப்பத்தைந்து. இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை. ஈர மண்ணை உதறிக்கொண்டு எல்லோரும் வரப்பில் குந்தினார்கள். கேள்வி இப்போது வேறாக மாறியிருந்தது: வாய்க்கால் குடிப்பதை யார் தலையில் எழுதுவது?

"பெட்டியில பங்கைத் திருத்தலாம்," என்றாள் நர்கீஸ் களைத்துப்போய். "ஆனா ஆறு பேரும் தங்கள் போன்ல 'சம்மதம்' அமுக்கணும். ஒருத்தர் அமுக்கலைன்னாலும் மாறாது."

"யாரு அப்படி வச்சது?"

"நான்தான். யாரும் யாரையும் ஏமாத்தக் கூடாதுன்னு."

"நல்லா வச்ச போ," என்றாள் பழனியம்மாள். "இங்க அஞ்சு பேரு இருக்கோம். ஆறாவது பங்காளி கோயமுத்தூர்ல இருக்காரு. போன் எடுக்கவே மாட்டாரு. அவரு நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டுறதும் சுருளி மாமாதான்."

நர்கீஸ் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த ஆறு சம்மதங்களைப் பற்றியது. அதை எழுத அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றியிருந்தாள்.

"பங்கை ஏன் மாத்தணும்?" என்று பழனியம்மாள் கேட்டது அவள் காதில் தாமதமாகவே விழுந்தது. "பங்கு பங்காவே இருக்கட்டும். பச்சைப் பொத்தானை எப்ப அமுக்கணும்? மோட்டார் போட்டதும் அமுக்குறோம். அமுக்காதீக. தண்ணி அவுக அவுக மடையைத் தொட்டப்புறம் அமுக்குங்க. அதுவரைக்கும் ஓடுறது வாய்க்காலோட கழிவு, யாரு பேருலயும் கிடையாது. மாமாவுக்கு அவரு கழிவு, எனக்கு என் கழிவு. இதுக்கு யாரு சம்மதமும் பொட்டிக்குத் தேவையில்லைல்ல?"

தேவையில்லை. பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று பெட்டியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நர்கீஸ் தலையை நிமிர்த்தினாள். "ஆனா அக்கா, சுத்து எட்டு நாளைத் தாண்டிப் போகும்."

"ஒரு கால் நாள் போகும்," என்றான் விக்னேஷ், விரல்களில் கூட்டிப் பார்த்துவிட்டு. "அது எல்லாரு தலையிலயும் சமமா விழும்."

எல்லோரும் சுருளிவேலைப் பார்த்தார்கள். அவர் நெடுநேரம் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார்.

"எனக்கு ரெண்டு செகண்டு உண்டுல்ல?"

"உண்டு மாமா. தண்ணி உங்க மடையைத் தொட ரெண்டு நிமிஷமே ஆகும், அது உங்க கழிவு."

"குத்தகை நிலத்துக்கும் உண்டு?"

"உண்டு. அது எரநூறடி. அங்க நாலு நிமிஷம் வச்சுக்கங்க."

"இந்த வெங்காயம் வெட்டுற வரைக்கும்தான்," என்றார் அவர். "அப்புறம் உக்காந்து பேசணும். வாய்க்கால் மிச்சத்தை நான் மிதிச்சுவிட மாட்டேன், அது வேற இது வேற."

"வேணாம் மாமா. என் பங்கு என் மடைக்கு வந்தா போதும். ரெண்டு தண்ணி பாஞ்சா காய் தேறிரும்."

அந்த இரவே பாஸ்கல் சாருக்கு நர்கீஸ் மின்னஞ்சல் எழுதினாள். காலையில் பதில் வந்திருந்தது. ஆய்வின் நடுவில் விதி மாறிவிட்டதால் பதினேழாம் கிணற்றை நீக்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். இது மிக முக்கியமான முடிவு என்றும், இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையை அவர் எழுதப்போவதாகவும் அடுத்த பத்தியில் இருந்தது. அவள் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

பழனியம்மாளின் முறை சனிக்கிழமை வந்தது. மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து அவள் மடையைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். விக்னேஷ் கத்தரிக்காய் மூட்டைகளோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டான். ஒன்பது மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடும் சத்தம் தூரத்தில் கேட்டது. நர்கீஸ் கடைமடையில் நின்று, பொத்தானை அமுக்குவதற்காகப் பழனியம்மாளின் கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.

ஒரு கோடுகூட இல்லை.

"அக்கா, இங்க சிக்னலே இல்லையே! அன்னைக்கும் இங்க நின்னு போன் பண்ண முடியலை. எனக்கு எப்படித் தோணாம போச்சு!"

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"பொட்டியிலயே பொத்தான் இருக்குல்ல. கரண்டு வந்தா மோட்டார் போட அங்க ஒரு ஆளு நிக்கணும். அந்த ஆளு அமுக்கட்டும்." பழனியம்மாள் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்தாள். "தண்ணி வந்ததும் இதை ஆட்டு. இடையில மரம் கிடையாது, தெரியும்."

"அங்க யாரு நிக்கிறா?"

"சுருளி மாமாதான். வேற யாரு?"

நர்கீஸ் அவளையே பார்த்தாள். ஒரு வருட ஆய்வு, நாற்பது பெட்டிகள், ஆறு சம்மதங்கள். எல்லாம் கடைசியில் அறுநூறு மீட்டருக்கு அப்பால், எது தன்னுடைய லிட்டர் என்பதில் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒரு மனிதரின் விரலில் வந்து நின்றிருந்தது. "அவரை நம்புறீங்களா?"

"நம்பாம? உன் போனையா நம்பச் சொல்ற?"

முக்கால் மணி நேரம் இருவரும் வெயிலில் காத்திருந்தார்கள். முதலில் காய்ந்த வேப்பிலைகளும் எறும்புகளும் வந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல், பழுப்பு நுரையோடு தண்ணீரின் முனை வந்தது. ஓர் எலி வளையில் இறங்கிச் சற்று நேரம் காணாமல் போய், மறுபடி மேலே வந்து மடையைத் தொட்டது. நர்கீஸ் வரப்பில் ஏறித் துண்டை ஆட்டினாள். ஒன்பது ஐம்பத்தொன்று. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கையை உயர்த்தியது.

அவளால் நிற்க முடியவில்லை. வாய்க்கால் ஓரமாகவே கிணற்றுக்கு ஓடினாள். சுருளிவேல் மோட்டார் ரூம் வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் சிறிய திரையில் எண்ணத் தொடங்கிய நேரம் ஒளிர்ந்தது: ஒன்பது நாற்பத்தேழு.

"அண்ணே, நான் ஒம்பது அம்பத்தொண்ணுக்குத்தானே ஆட்டுனேன்?"

"அப்படியா?" அவர் புகையை விட்டார். "கண்ணுக்குச் செவப்பா என்னமோ தெரிஞ்சுது. அமுக்கிட்டேன். வயசாச்சு தாயி."

"நாலு நிமிஷம்ண்ணே! ரெண்டாயிரத்து நானூறு லிட்டர்!"

"நீ அதைப் போயி எண்ணுவியா?" என்றார் அவர், மனம் புண்பட்டவர் போல.

அவள் மறுபடி அறுநூறு மீட்டர் நடந்தாள். செருப்பில் சேறு ஏறி ஒவ்வொரு காலும் ஒரு படி கனத்தது. பழனியம்மாள் மூன்றாவது பாத்தியில் நின்று தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு பாத்திகளும் கறுத்து மின்னின.

"நாலு நிமிஷம் முன்னாடியே அமுக்கிட்டாருக்கா. செவப்பாத் தெரிஞ்சுதாம்."

பழனியம்மாள் நிமிரவில்லை. "நாலுதானா? நான் பத்து நெனச்சேன்."

"உங்களுக்குக் கோவமே வரலையா?"

"வராம? அடுத்த முறைக்குத் துண்டு வேணாம். தீபாவளி வெடி ரெண்டு வீட்டுல கிடக்கு. தண்ணி மடையைத் தொட்டதும் ஒண்ணைக் கொளுத்திப் போட்டா ஊரே கேக்கும். அப்புறம் கண்ணு தெரியலைன்னு சொல்ல முடியாதுல்ல, காது கேக்கலைன்னும் சொல்ல முடியாது." அவள் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி நாலாவது பாத்தியைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே நுழைந்து, கருகிய தாள்களின் அடியில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு போனது. "வரப்புல ஏறு பாப்பா. காலை எடு, காலை எடு. வெங்காயத்தை மிதிக்கிற."